சபாபதி சார் வீட்டு இரண்டாவது கார்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை பார்த்த கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் என்னைத் தேடித் திருக்கழுக்குன்றம் வந்திருந்தாள். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்களாம். எந்தச் சுவருக்குள் எந்தக் கேபிள் போகிறது என்று இப்போது அங்கே இருப்பவர்கள் யாருக்கும் தெரியவில்லை. வளர்மதி மேடத்தைக் கேளுங்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நினைவில் இருந்தவரை வரைந்து கொடுத்தேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், உங்கள் சர்வீஸில் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருந்த பழுது எது மேடம் என்று.

இடி விழுந்து ஒரு மாடி முழுக்கக் கருகிய கதையைச் சொன்னேன். அது எல்லோருக்கும் பிடிக்கிற கதை. அவளுக்கும் பிடித்தது. அவள் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, நான் சொன்னது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. இடி விழுந்த பழுது கருகிய வாடையிலேயே தெரிந்துவிடும். எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒரு வீட்டு சர்வரில் இருந்த இரண்டாவது நெட்வொர்க் கார்டு, ஒயர் செருகுகிற சின்ன அட்டை. அது ஆபீஸ் வேலைகூட இல்லை. ஒரு சனிக்கிழமை, பூஞ்சேரியில், என் மேலதிகாரியின் வீட்டில் நடந்தது.

இதில் வருகிற பெயர்களை மாற்றியிருக்கிறேன். சார் இப்போது இல்லை. அவர் மகளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுதுங்கள் அக்கா, ஆனால் எழுதி முடித்ததும் எனக்குக் காட்டவெல்லாம் வேண்டாம் என்றாள்.

நான் செங்கல்பட்டில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தேன். வீட்டில் விவசாயம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்பாக்கம் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சால்டரிங் பிடிக்கக் கற்றேன், ஆங்கிலத்தில் தயங்காமல் பதில் சொல்லக் கற்றேன், ஸ்டாஃப் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு யாரோடும் சண்டை போடாமல் இருக்கக் கற்றேன். பிறகு கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர் சபாபதி சார்.

நாகர்கோவில் பக்கத்துக்காரர். முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டிருப்பார். பெருக்க வருகிறவரிலிருந்து இயக்குநர்வரை எல்லோருக்கும் ‘நீங்க’தான். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச். பழுது என்று யார் கூப்பிட்டாலும் போய் நின்றதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கொஞ்ச நேரம் சும்மா பார்ப்பார். இயந்திரத்தைத் தொடமாட்டார். கூப்பிட்டவருக்கு எரிச்சலே வரும். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “பாத்ததச் சொல்லுங்க. நினைச்சத அப்புறம் சொல்லலாம்” என்பார்.

இது கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். “கார்டு போயிடுச்சு சார்” என்று நான் சொன்னால் அது நினைத்தது. “கார்டுல பச்சை லைட் எரியல சார்” என்றால் அது பார்த்தது. முதல் வருடம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு தவித்தேன்.

அந்தக் காலத்தில் ஒரு மாடியில் இருக்கிற எல்லாக் கணினிகளையும் ஒரே கறுப்புக் கேபிளில் பூமாலை மாதிரி கோத்திருப்போம். இரண்டு முனையிலும் ஒரு மூடி. மூடி கழன்றாலும், நடுவில் ஓர் இணைப்பு பிரிந்தாலும், மாடி முழுக்கப் படுத்துவிடும். ஒரு நாள் அப்படிப் படுத்தது. சார் கேபிளை நடுவில் பிரித்து, வலது பாதி பிழைக்கிறதா இடது பாதி பிழைக்கிறதா என்று பார்த்தார். பிழைக்காத பாதியை மறுபடி பாதியாக்கினார். கடைசியில் ஓர் அறை. உள்ளே ஒரு சீனியர் விஞ்ஞானி மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருந்தார். கேபிள் எட்டாமல் போக, இணைப்பைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார். சார் நீளமான துண்டு ஒன்று வாங்கி வரச்சொல்லிப் போட்டுக் கொடுத்தார். மாடி முழுக்க எதனால் நின்றது என்று மேலிடத்தில் கேட்டபோது, இணைப்பு பிரிந்திருந்தது என்று மட்டும் சொன்னார். யார் பிரித்தது என்பது அதில் இல்லை. நான் கேட்டேன். அது பழுதில் சேராதும்மா என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் நிலையத்தில் மின்னஞ்சல் வந்த புதிது. எல்லோருடைய கடிதங்களும் எங்கள் அறையில் இருந்த ஒரு சர்வர் வழியாகத்தான் போய் வரும். ஒரு நாள் வேறொரு பிரிவின் தலைவர் வந்து சாரின் எதிரே உட்கார்ந்தார். தன் பிரிவில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருப்பதாகச் சந்தேகம், அவருடைய கடிதங்களைக் கொஞ்சம் எடுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். சாருக்கு மேற்பட்ட பதவி அவருடையது. சார் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.

“சார், அது வழியா என்ன ஓடுது, எவ்வளவு ஓடுது, எங்க நிக்குதுன்னு பாக்கறது என் வேலை. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கறது என் வேலையில்ல. எழுத்துல உத்தரவு குடுத்தாலும் நான் யோசிப்பேன்.”

வந்தவர் எழுத்தில் கொடுக்கவில்லை. அந்த வருடம் சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிறகு கறுப்புக் கேபிள் போனது. ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி ஒயர் வந்தது, கார்டுகள் மலிந்தன. கடற்கரையில் கார்டுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. கார்டின் விளிம்பில் இருக்கும் பொன்னிறப் பற்கள் கறுத்துவிடும். கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, மறுபடி செருகினால் பாதி நேரம் உயிர் வந்துவிடும். அதனால் என் கைப்பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும். என் மகன் பள்ளிக்கூடத்துக்கு ரப்பர் இல்லாமல் போன நாட்கள் உண்டு, என் பையில் இல்லாமல் இருந்ததில்லை.

சார் பூஞ்சேரியில் சொந்த வீடு கட்டிக் குடியேறினார். எங்கள் பக்கம் பிராட்பேண்ட் வந்ததும், வாங்கிய முதல் சிலரில் அவரும் ஒருவர். மற்றவர்கள் மோடத்தை நேராகக் கணினியில் செருகிக்கொள்வார்கள். சார் அப்படிச் செய்யவில்லை. சென்னையில் ரிச்சி தெருவில் பொறுக்கியெடுத்த பாகங்களை வைத்து ஒரு பெட்டியைச் சேர்த்து, அதை வீட்டு சர்வராக ஆக்கினார். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். முதல் கார்டு மோடத்தைப் பார்க்கும். இரண்டாவது கார்டிலிருந்து ஒரு ஒயர் நேராக மகள் அறைக்குப் போகும். வெளியிலிருந்து வருவதெல்லாம் முதல் கார்டில் ஏறி, சர்வரைக் கடந்து, இரண்டாவது கார்டில் இறங்கித்தான் மகளின் கணினிக்கு வரும். வீட்டுக்கென்றே மின்னஞ்சலும் அதில் வைத்திருந்தார். அம்மா, அப்பா, மகள் என்று மூன்று முகவரி. மோடத்தைத் தாண்டி ஒரு காவல் இருக்கட்டும் என்று எங்களிடம் விளக்கினார். யாரிடமிருந்து யாருக்கு என்ன போனது என்று சர்வர் தானே எழுதிவைக்கிற பதிவுகளைக் காலையில் காபியோடு படித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவதாகவும் சொன்னார். ஆபீஸிலும் காலையில் அவர் முதலில் செய்வது அதுதான். எங்களுக்கு அது விசேஷமாகப் படவில்லை.

மகள் நர்மதா அப்போதுதான் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். நாவலூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவள். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டு ஹைதராபாத் போனாள். ஒரு வருடம் முடியுமுன் பெட்டியோடு வந்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று சார் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிள்ளை வீட்டாரோடு பேச்சு நடக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது சார் என் எதிரே வந்து உட்கார்ந்தார். வழக்கமில்லாத விஷயம். வீட்டில் இரண்டாவது கார்டு தொல்லை கொடுக்கிறது என்றார். இருந்தாற்போல இணைப்பு போய்விடுகிறது. சில மணி நேரம் கழித்துத் தானாக வந்துவிடுகிறது. முதலில் உப்பு என்று நினைத்துப் பற்களைத் தேய்த்திருக்கிறார். பிறகு கார்டை வேறு செருகு பள்ளத்தில் மாற்றியிருக்கிறார். பிறகு வேறு கம்பெனியின் புதுக் கார்டு. கடைசியாக முதல் கார்டையும் இரண்டாவது கார்டையும் இடம் மாற்றிப் பார்த்திருக்கிறார். எந்தக் கார்டாக இருந்தாலும் மகள் அறைப் பக்கம் பார்க்கிற கார்டுதான் விழுகிறது.

அப்படியென்றால் ஒயர்தான் சார் என்றேன்.

ஒயர் எத்திராஜ் இழுத்தது என்றார். எத்திராஜ் எங்கள் பிரிவின் ஒப்பந்த ஊழியர், ஒயர் இழுப்பதில் கை சுத்தம். அந்த முனையில் ப்ளக் சரியாக இருக்கிறதா என்று நர்மதாவிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டேன், இருக்கிறது என்றாள் என்றார். நீங்கள் பார்த்தீர்களா என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மகள் அறைக்குள் கதவைத் தட்டாமல் அவர் போகமாட்டார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தட்டி, கேட்டு, மகள் சொன்னதை நம்பியிருக்கிறார்.

“பாவம், நெட் நின்னா பிள்ளை மகாபலிபுரம் வரைக்கும் போயி பிரவுசிங் சென்டர்ல உக்கார வேண்டியிருக்கு. வர்ற சனிக்கிழமை உங்களால வர முடியுமா?” என்று கேட்டார். அவர் ஊர்ப் பேச்சில் மகளும் பிள்ளைதான்.

சனிக்கிழமை எத்திராஜையும் கூட்டிக்கொண்டு போனேன். சர்வர் கூடத்தின் மூலையில் ஒரு மர அலமாரியில் இருந்தது. நான் போனபோது இரண்டாவது கார்டில் விளக்கு எரியவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வீட்டில் அவர் முன்னாலேயே அப்படி நின்றது எனக்கே வேடிக்கையாக இருந்தது. அவர் சொன்ன சோதனைகளை அதே வரிசையில் மறுபடி செய்தேன். எல்லாவற்றிலும் அவர் சொன்ன அதே பதில் வந்தது. ஒரு தப்பும் இல்லாத வேலை. சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திருகாணிகளை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார். உற்சாகமாக இருந்தார்.

அவர் மனைவி காபி கொண்டு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, “கார்டு மாத்தினா சரியாயிடுமா வளர்மதி?” என்று கேட்டார். பார்க்கிறேன் அம்மா என்றேன். அவர் கேட்ட விதம் காபி குடித்து முடித்த பிறகும் எனக்குள் இருந்தது. கார்டைப் பற்றிக் கேட்கிற குரல் இல்லை அது.

ஒயரைச் சோதிக்க இரண்டு பகுதியாக ஒரு சின்னப் பெட்டி உண்டு. இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. உள்ளே இருக்கிற எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கு வரிசையாக எரிந்தால் ஒயர் நல்ல ஒயர். எத்திராஜைச் சர்வர் பக்கம் நிற்கவைத்துவிட்டு, நான் மற்றதை எடுத்துக்கொண்டு நர்மதாவின் அறைக் கதவைத் தட்டினேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாங்க அக்கா என்றாள். ஒயர் மேசைக்குப் பின்னால் சுவரோரம் வந்து கணினியின் முதுகில் செருகியிருந்தது. ப்ளக்கைப் பிடுங்கிச் சோதனைப் பெட்டியில் செருகிவிட்டு, கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

“அல்லாம் எரியுதுக்கா,” என்றார் எத்திராஜ். “ஒண்ணுலேந்து எட்டு வரிக்கும் கரீக்டா கீது. இன்னா பேஜாருக்கா இது, நான் இழுத்த ஒயருல இன்னா வரும்?”

ஒயரில் பழுது இல்லை. ப்ளக்கை மறுபடி கணினியில் செருகினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரவேண்டும், வரவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ப்ளக்கின் மேல் நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். அதுதான் ப்ளக்கைப் பிடித்து நிறுத்துவது. அது இல்லை. உடைந்தால் வெள்ளை வெள்ளையாகப் பிசிறு நிற்கும். இதில் பிசிறு இல்லை. நேராக வெட்டியிருந்தது. அப்போதுதான், நான் பிடுங்கியபோது அது பாதி வெளியே வந்த நிலையில்தான் இருந்தது என்பது என் கைக்கு நினைவு வந்தது. முழுக்க அழுத்திப் பிடித்தேன். “லைட் வந்திச்சுக்கா” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

சாதாரண வேலைதான். பழைய ப்ளக்கை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கடித்துவிட்டால் முடிந்தது. ப்ளக்கை ஒயரில் நெருக்கிக் கடிக்கிற கருவியைப் பையிலிருந்து எடுத்தேன்.

“அத மாத்தாதீங்க அக்கா,” என்றாள் நர்மதா.

நான் திரும்பினேன்.

“அது தானா கழலல. நான்தான் இழுத்து விடறேன்.”

கதவு பாதி திறந்திருந்தது. அவள் எழுந்து போய் அதைச் சாத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். வந்த புதிதில் அந்த வீட்டு மின்னஞ்சலிலிருந்து ஒரு பெண் வக்கீலுக்கு எழுதியிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது அப்பா, இப்போதே வக்கீலுக்கெல்லாம் எழுத வேண்டுமா, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கோபப்படவில்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறார். பிறகு புனேயில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். அதற்கும் மறுநாள் காலையில் ஆலோசனை வந்தது, அவ்வளவு தூரம் வேண்டாமே என்று. அதிலிருந்து அந்த ஒயர் வழியாக ஒரு வரிகூட எழுதக் கையே வரவில்லை என்றாள்.

“வீட்ல நெட் இருக்கும்போது மகாபலிபுரம் எதுக்குன்னு கேப்பாரு. நெட் இல்லன்னா கேக்கமாட்டாரு. அங்க ஒத்தவாடைத் தெருவுல உக்காந்தா, சுத்தி வெள்ளைக்காரங்க, யாரும் யாரையும் பாக்கறதில்ல. என் மெயில நான் மட்டும் படிக்கலாம்.”

நெட் போவதால் மகள் வெளியே போகிறாள் என்று சார் நினைத்துக்கொண்டிருந்தார். மகள் வெளியே போக வேண்டியிருந்ததால் நெட் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பிரிவுத் தலைவரிடம் எழுந்து நின்று முடியாது என்ற மனிதர் என் கண் முன்னால் வந்தார். அவரும் இவரும் ஒரே ஆள் என்று நம்ப முடியவில்லை. கொஞ்சம் யோசித்தால் நம்பவும் முடிந்தது. ஆபீஸில் அவர் காத்தது யாரோ ஒருவரை. இங்கே காப்பது தன் பெண்ணை. பயந்துபோன அப்பாவுக்குக் கையில் கிடைத்த கருவி எதுவோ அதைத்தான் எடுப்பார். இவருக்குக் கிடைத்தது காலையில் காபியோடு படிக்கிற பதிவு. அதைப் படிப்பதில் தப்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. மகளின் கணினியை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. அந்த அறைக் கதவை அவர் ஒரு நாளும் தட்டாமல் திறந்ததில்லை.

என்னால் சாரிடம் பொய் சொல்ல முடியாது என்று நர்மதாவிடம் சொன்னேன். வாயைத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவார். அதோடு, இன்னும் எத்தனை கார்டு வாங்குவார்?

“நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க அக்கா. மீதிய நான் சொல்லிக்கறேன்” என்றாள். அப்பாவின் பெண்.

கூடத்துக்கு வந்தோம். எத்திராஜைச் சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் வைக்கச் சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, வெளியே போனவர் உள்ளே வரவில்லை. சார் நாற்காலியின் நுனிக்கு வந்து என்னைப் பார்த்தார்.

“ரெண்டு கார்டும் நல்லா இருக்கு சார். ஒயரும் நல்லா இருக்கு. அந்தப் பக்கம் ப்ளக் பாதி வெளிய வந்திருந்துச்சு. கிளிப் இல்ல.”

“உடைஞ்சிருக்கும். உப்புல பிளாஸ்டிக்கும் நொறுங்கிரும்.”

“வெட்டியிருக்கு சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்றிருந்த மகளைப் பார்த்தார்.

“நான்தான்பா,” என்றாள். “தானா கழண்ட மாதிரி இருக்கட்டும்னு நகவெட்டியால வெட்டினேன். நான் வெளிய போகணும்னா கழட்டிருவேன். வந்து மாட்டிருவேன்.”

“எதுக்கு?”

“என் லெட்டர நீங்க படிக்காம இருக்கறதுக்கு.”

சார் உடனே பதில் சொன்னார். தயார் செய்த பதில் இல்லை அது; உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். “நான் சர்வரத்தானே பாத்தேன் நர்மதா.”

“அதுக்குள்ள நான்தான்பா இருக்கேன்.”

சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். யாரும் அழவில்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை. சார் தட்டிலிருந்த திருகாணிகளை விரலால் ஓர் ஓரமாக ஒதுக்கினார். மறுபடி நடுவுக்குக் கொண்டு வந்தார். பிறகு என்னிடம், ரொம்ப நன்றி, சனிக்கிழமையும் அதுவுமாக வரவைத்துவிட்டேன், நீங்கள் கிளம்புங்கள் என்றார். மரியாதை ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பும் வழியில் எத்திராஜ் வண்டி ஓட்டிக்கொண்டே, ஒயரு நல்லாத்தானே கீது என்று ஒரு தடவை கேட்டார். நல்லாத்தான் இருக்கு என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

திங்கட்கிழமை சார் வழக்கம்போல வந்தார். வேலை விஷயம் பேசினார். வேறு எதுவும் பேசவில்லை. வாரங்கள் போயின. முன்பெல்லாம் பழுது கிடைத்தால் ஆசையோடு என் மேசைக்கு வந்து நிற்பார். இப்போது துண்டுத்தாளில் எழுதி அனுப்பினார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் இருந்தது. என்னைப் பற்றிய மதிப்பீட்டை அவர் எழுதித்தான் மேலே போகவேண்டும். என் கணவரிடம், போனால் போகட்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு உள்ளுக்குள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். உயர்வு வந்தது. என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதரைப் பற்றி அந்தக் கவலையைப் பட்டிருக்க வேண்டாம் என்று மட்டும் தெரிந்தது.

ஒரு மாற்றத்தை நான் கவனித்தேன். ஆபீஸ் சர்வரின் காலைப் பதிவுகளை அவர் என்னிடமும் இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டார். எது எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும் என்றார்.

நர்மதாவுக்குப் புனே வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதைச் சாரின் வாயிலிருந்து கேட்கவில்லை. அம்மா போன் செய்து சொன்னார். ரயிலேற்றிவிட அப்பா வந்தாராம். பெட்டியைத் தூக்கி வைத்தாராம். இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டார்களாம். போன பிறகு போனில் அம்மாவோடுதான் பேசுகிறாள். அப்பா எடுத்தால், நல்லா இருக்கேன்பா என்கிறாள், அத்தோடு முடிகிறது.

இன்னும் சில மாதங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் சார் என் மேசைக்கு வந்தார். துண்டுத்தாள் இல்லை. நாளைக்கு வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். கார்டா சார் என்றேன். இல்லை, இது வேற என்றார்.

போனேன். சர்வர் அலமாரியில்தான் இருந்தது. பின்பக்கத்தில் இரண்டாவது கார்டு இருந்த இடத்தை ஒரு தகடு போட்டு மூடித் திருகாணி முடுக்கியிருந்தார். மோடத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டி வழியாக, சர்வரைத் தொடாமல், ஒயர் நேரே நர்மதாவின் அறைக்குப் போனது. அறை காலியாகத்தான் இருந்தது. அவள் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிட்டேன் என்றார். அவளுக்குத் தெரியுமா என்றேன். நான் சொல்லவில்லை, பார்த்திருப்பாள் என்றார்.

அவர் என்னைக் கூப்பிட்டது வேறு உதவிக்கு. மகளுக்கு எழுத நினைக்கிறார். அவளுடைய புது முகவரி அம்மாவிடம் இருந்தது. ஆனால் வீட்டு சர்வர் முகவரியிலிருந்து எழுதினால், அந்தப் பெயரைப் பார்த்ததுமே அவளுக்குப் பழையதெல்லாம் ஞாபகம் வரும் என்று தயங்கினார். இணையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்களே, எல்லோரும் வைத்திருக்கிறார்களே, அது மாதிரி ஒன்று வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டார். ஒரு நிலையம் முழுவதற்கும் கடிதப் போக்குவரத்து நடத்தியவருக்கு அப்படி ஒன்று சொந்தமாக இருந்ததே இல்லை.

நர்மதாவின் கணினியில்தான் உட்கார்ந்தோம். உள்ளே போகுமுன் காலி அறையின் கதவை அவர் ஒரு தட்டு தட்டியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் நான் சொல்லச் சொல்ல நிரப்பினார். கடவுச்சொல் கட்டம் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கணக்கு திறந்தது. புதுக் கடிதம் எழுதும் இடத்தைக் காட்டினேன். அம்மா ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்த முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத் தட்டினார். பொருள் என்ற கட்டத்தை விட்டுவிட்டுக் கீழே வந்தார். விரல்களை விசைப்பலகை மேல் வைத்தார். ஒன்றும் தட்டவில்லை. நான் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சொல்வதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார்.

“வளர்மதிம்மா, கொஞ்சம் வெளியில இருக்கீங்களா?”

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். முன்பக்கம் போர்ட்டிகோவில் அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

“என்ன எழுதறார்?” என்று கேட்டார்.

தெரியவில்லை அம்மா என்றேன்.

அவரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. உள்ளே விசைகளின் சத்தம் கேட்கும், நின்றுபோகும், வெகுநேரம் கழித்து மறுபடி கேட்கும். அவர் எழுதி முடித்துத் தானாகக் கதவைத் திறக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் வெளியிலேயே துணி மடித்துக்கொண்டிருந்தோம்.